எங்கள் ஊர் வீரரைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் உயரம் பாய்தல் பழகுகிறீர் என்றும், "யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வெளிநாட்டில் போய்ப் பாய்ந்திருக்கிறார்களா?" என்று கூட்டாளிமாரைக் கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர். உமக்கு மட்டும் தபாலில் பதில் போட்டுவிட்டு இருக்க மனம் ஒப்பவில்லை. உமது வயதில் இங்கே எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே பதில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஆகவே எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

பாய்ந்திருக்கிறார், தம்பி. அவர் பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்கு 17 வயது. 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். 1958 இல் ரோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுதான். நான்கு வருடம் கழித்து ஜகார்த்தாவில் வெள்ளி. 2.03 மீற்றர் என்றால் பழைய கணக்கில் ஆறடி எட்டங்குலம். உமது வீட்டுக் கதவு நிலையை ஒருக்கால் அளந்து பாரும். அநேகமான வீடுகளில் அந்த உயரத்துக்குக் கிட்டத்தான் வரும். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், அந்த மனிதர் என்ன செய்தார் என்பது இலக்கத்தைவிட நன்றாக விளங்கும்.

நீர் இப்போது முதுகைக் கொடுத்துப் பாய்ந்து, மெத்தையில் தோள் பட விழுகிறீர். அந்த முறை ஊருலகம் முழுக்கப் பரவியது 1968 க்குப் பிறகு. மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பரி என்ற அமெரிக்கர் அப்படிப் பாய்ந்து தங்கம் வென்றதைக் கண்டுதான் மற்றவர்கள் பழகத் தொடங்கினார்கள். எதிர்வீரசிங்கத்தின் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடங்களில் இருந்ததெல்லாம் இரண்டு மரத் தூண், அவற்றில் வரிசையாக அடித்த ஆணி, அந்த ஆணிகளில் தாங்கி வைத்த தடி, கீழே ஒரு மணற்குழி. அந்தக் குழிக்குள் முதுகு பட விழுந்தால் எழும்ப மாட்டீர். ஆகவே தடிக்கு மேலே உடம்பைக் கிடையாகப் புரட்டி, காலோ கையோ முதலில் மணலைத் தொடுகிற மாதிரி விழ வேண்டும். பாய்கிற கணக்கோடு விழுகிற கணக்கையும் சேர்த்துத்தான் ஓடி வர வேண்டும்.

மணற்குழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாரி கழிந்தால் மணல் இறுகிப் போய்க் கிடக்கும். போட்டி தொடங்க முதல் யாராவது மண்வெட்டியோடு இறங்கிக் கொத்திக் கிளறி விடுவார்கள். எட்டுப் பத்துப் பேர் பாய்ந்ததும் மறுபடியும் அமுங்கிவிடும். சின்ன உயரங்களில் தோற்றவர்கள் பஞ்சான மணலில் விழுந்துவிட்டுப் போவார்கள். கடைசிவரை நிற்கிறவர்தான் கூடிய உயரத்திலிருந்து, ஆகக் கெட்டியான மணலில் விழுவார். நல்ல பாய்ச்சல்காரரின் முழங்காலையும் குதிகாலையும் அந்த மணல் எத்தனை வருடத்துக்குத்தான் விட்டு வைக்கும்? அப்படியான குழிகளில் பழகிய ஒருவர் ஆசியாவில் முதலாவதாக வந்தார் என்பதை நினைக்கும்போது, பதக்கத்தின் நிறத்தைவிட அந்தக் கால்கள்தான் என் கண்ணுக்கு முன்னே வருகின்றன.

அந்த வெற்றி எந்த நாட்களில் வந்தது என்பதையும் நீர் அறிந்து வைத்திருக்க வேண்டும். ரோக்கியோவில் போட்டிகள் 1958 மே 24 இல் தொடங்கி ஜூன் 1 இல் முடிந்தன. அந்த மே மாதக் கடைசியில்தான் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்துப் பரவியது. மே 27 இல் அவசரகாலச் சட்டம் வந்தது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொழும்பில் அகதிகளானவர்கள் கப்பலேறி வடக்குக்கு வந்தார்கள். அதே நாட்களில், அதே நாட்டின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் ஆசியாவின் எல்லாப் பாய்ச்சல்காரரையும் வென்று மேடையேறினார். இந்த இரண்டு செய்தியையும் ஒரே கிழமையில் கேட்ட சனம் எப்படிக் கேட்டிருக்கும்! பெருமைப்படவும் முடியாமல் பெருமைப்படாமல் இருக்கவும் முடியாமல் எத்தனை வீட்டு வானொலிகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றிருப்பார்கள்! எங்கள் ஊரின் மிகப் பெரிய விளையாட்டு வெற்றி எங்கள் வாயில் அதிகம் புழங்காமல் போனதற்கு இது ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அகதிக் கப்பலை எதிர்பார்த்து நிற்கிற ஊரில் ஆர் வெடி கொளுத்துவது?

எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திலும் கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். சியரா லியோன் உட்பட வெளிநாடுகளில் கல்விப் பணி செய்தார். போர்க்காலத்திலும் அதன் பிறகும் வடக்குக் கிழக்குப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி விடாமல் பேசினார், எழுதினார், வந்து உழைத்தார். 2024 இல் அமெரிக்காவில் காலமானார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற டங்கன் வைற்றின் பெயர் இந்த நாட்டில் பரவலாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்க வேண்டியதுதான். எதிர்வீரசிங்கத்தின் பெயரும் அந்த வரிசையில் அடுத்ததாகத் தன்னால் வாயில் வர வேண்டும். அது வராதது கொழும்பின் பிழை மட்டும் என்று சொல்லிவிட்டு நாங்கள் கையைக் கழுவ முடியாது.

எங்களுக்குத் தாளிலும் கொடுப்பினை இல்லை, தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாளிதழான 'ஈழநாடு' தொடங்கியது 1959 இல், தங்கம் வந்து அடுத்த வருடம். பிறகு இரண்டு பத்தாண்டுக்கு மேலாக அந்தப் பத்திரிகை ஊர்ப் போட்டிகளையெல்லாம் ஊர்ப் பெயரோடும் ஆட்பெயரோடும் போட்டு வந்தது. 1981 இல், மே முடிந்து ஜூன் பிறக்கிற அந்த இரவுகளில், பொது நூலகத்தை எரித்தபோது ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள். நூலகத்தில் 97,000 நூல்கள் போயின என்று எல்லாரும் சொல்வார்கள். ஓலைச்சுவடிகளை நினைத்து அழுவார்கள். நான் அவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் நினைப்பேன். எந்த வருடம் எந்தக் கழகம் யாரை எத்தனைக்கு எத்தனை கோலால் வென்றது, யார் அடித்த கோல் என்று தேடிப் பார்க்கிற தாளும் அந்த நெருப்பில்தான் போயிற்று. ஓலைச்சுவடியை இழந்தோம் என்று அறிந்து அழ ஆட்கள் இருந்தார்கள். பந்தடித்தவனின் பெயர் போனதை அந்த நாளில் எண்ணிப் பார்க்க ஆட்கள் இல்லை.

அதற்குப் பிறகு இடப்பெயர்வுகள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்தது. கையில் எடுத்துக்கொண்டு போனது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, இரண்டு உடுப்பு. வெற்றிக்கிண்ணத்தையும் சான்றிதழ் மட்டையையும் ஆர் தூக்கிக்கொண்டு போவார்? திரும்பி வந்தவர்கள் அலுமாரியைத் திறந்தபோது சிலருக்கு அலுமாரியே இல்லை, சிலருக்கு வீடே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை உமது அம்மா அப்பாவைக் கேட்டால் சொல்வார்கள். அத்தனை சிறிய தாளில் முதலில் சுருங்கியது விளையாட்டுச் செய்திதான்.

நூலகத்துக்கு அடுத்தாற்போலத்தான் துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. மத்திய கல்லூரியும் கூப்பிடு தூரம்தான். 1999 இல் அரங்கைத் திருத்துவதற்கு நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. 2016 இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறந்தார்கள். இன்று அங்கே ஓடுகிற பிள்ளைகளை நான் சந்தோசமாகத்தான் பார்க்கிறேன். ஆனாலும் அந்த நிலம் எதையெல்லாம் தாங்கியது என்பதை ஓடுகிறவர்கள் அறிந்துகொண்டு ஓட வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீர் பாய்தலைப் பற்றி மட்டும்தான் கேட்டீர். கடலைப் பற்றியும் சொல்லாமல் விட மாட்டேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் உண்மையில் தனிப்பெருமை காட்டியது அங்கேதான். தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறைப் பக்கத்துக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வரும். ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி நீந்தினார். அந்தக் கடலில் அலையைவிட நீரோட்டம்தான் ஆளைத் தோற்கடிக்கும். கைவீச்சு முன்னே போகும், உடம்பு பக்கவாட்டில் இழுபடும். சொறிமுட்டை பட்டால் தோள் முழுக்க எரிந்து தடிக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு அடுத்த கையை வீச வேண்டும். சோளகம் எப்போது எழும்பும், வாடை எப்போது விழும் என்று கரையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நீச்சல்காரருக்கு அந்த அறிவைக் கொடுத்தது பயிற்றுநர் அல்ல, கடற்றொழிலாளர்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர் வல்வெட்டித்துறை ஆனந்தன். 'ஆழிக்குமரன்' என்று சனம் கொண்டாடிய மனிதர். 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தியே வந்தார். போக வர 51 மணித்தியாலம். இரண்டு இரவு தண்ணீருக்குள்! ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றது உட்படக் கின்னஸ் புத்தகத்தில் பல சாதனைகளை எழுதுவித்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். பாக்கு நீரிணையின் இளஞ்சூட்டுத் தண்ணீர் வேறு, அந்தக் கால்வாயின் குளிர் வேறு. அவர் பெயரில் வல்வெட்டித்துறையில் நீச்சல் தடாகம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அங்கே நீந்தப் பழகுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு வீரரை நினைவுகூர்ந்த விதங்களில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். சிலை வைத்தால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தடாகம் என்றால் இறங்கத்தான் வேண்டும்.

இனி, எனக்கு மனக்குறையான ஒரு விடயம். யாழ்ப்பாணத்தில் விளையாட்டு நினைவு என்றால் அநேகமாகப் பள்ளிக்கூட நினைவுதான். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதி வருகிற 'வடக்கின் பெரும்போர்' என்ற கிரிக்கெற் போட்டி வந்தால் ஊர் அல்லோலகல்லோலப்படும். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் ரிக்கற் போட்டு வருவார்கள், மூன்று நாளும் பான்ட் வாத்தியம் ஓயாது. அந்தப் பள்ளிகளுக்கு மலர் இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளை இருக்கிறது. ஆகவே அந்தப் பெயர்கள் எப்படியோ தப்பிவிடும். ஆனால் குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் உதைபந்தாட்டம் ஆடியவர்களை நினைத்துப் பாரும். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போனவர்கள் அதிகம். விடியற்புறம் கடலால் வந்து, வலையைத் தட்டி, மீனை விற்றுவிட்டுப் பின்னேரம் மைதானத்துக்கு வெறுங்காலோடு வந்தவர்கள். பாசையூர் சென். அன்ரனிசும் நாவாந்துறை சென். மேரிசும் மோதினால் நிற்க இடமிராது. அந்த ஆட்டக்காரர்களுக்கு மலர் இல்லை. ஆவரங்கால் கரப்பந்தாட்டத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே தோட்டத்தில் இறைத்து முடித்துவிட்டு வலைக்கு மேலே எழும்பிய கமக்காரப் பெடியளுக்கும் மலர் இல்லை. எங்கள் நினைவில் படிப்புள்ளவனுக்கு ஒரு கதிரை, இல்லாதவனுக்கு ஒரு மூலை என்று இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீரனை நினைப்பதிலாவது நாங்கள் பாகுபாடு பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பெண்களின் நிலை இதைவிட மோசமாக இருந்தது, இப்போது கொஞ்சம் மாறி வருகிறது. புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரம். வலைப்பந்தாட்டத்தில் 2009 இலும் 2018 இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது கோல் வளையத்துக்குக் கீழே நின்றவர் அவர்தான். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் மற்றெல்லா நாட்டு வீராங்கனைகளையும்விடக் கூடுதலான கோல் போட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை ஆறடி வளர்ந்தாலே மாப்பிள்ளை கிடைக்காது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நாங்கள். அந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி அந்த உயரத்தை நிமிர்த்தி உலகத்துக்கு முன்னே நிறுத்தினாள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் தானே மீண்டும் மீண்டும் புதுப்பித்தவர். அந்தக் கல்லூரி 1990 இல் போரால் சொந்த இடத்தை விட்டு எழும்பி, வருடக்கணக்காக வேறிடத்தில் இயங்கிவிட்டுத் திரும்பிய கல்லூரி. கோலூன்றிப் பாய ஆளின் துணிச்சல் மட்டும் காணாது. அவரவர் நிறைக்கு ஏற்ற கோல் வேண்டும், தடித்த மெத்தை வேண்டும், இரண்டும் காசு விழுங்குகிற சாமான். பெடியள் பக்கம் பார்த்தால், எதிர்வீரசிங்கம் படித்த மத்திய கல்லூரியிலிருந்து விஜயகாந்த் வியாஸ்காந்த் கிரிக்கெற்றில் 2020 இல் லங்கா பிரிமியர் லீக்கில் ஆடினார், 2024 இல் ஐ.பி.எல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். அவரை உமக்குத் தெரிந்திருக்கும். கைத்தொலைபேசியில் வருகிறவரை எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே உம்மிடம் ஒன்று கேட்கிறேன். இன்று எண்பது தாண்டிய ஆட்டக்காரர்கள் இன்னும் சிலர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கோயில் வீதியில் விறாந்தைக் கதிரையில் இருக்கிற கிழவர் ஒரு காலத்தில் மாவட்டத்தையே கலக்கிய கோல் காப்பாளராக இருக்கலாம். உமது ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் போம். வாசிகசாலை மேசைக்குப் பின்னால் ஓர் அலுமாரி இருக்கும். அதற்குள் வெள்ளிப் பூச்சுக் கழன்று கறுத்துப்போன கிண்ணங்கள் இருக்கும். பொறுப்பாளரைக் கேட்டு வெளியே எடுத்து, பழப்புளி போட்டுத் தேய்த்துத் துடைத்துப் பாரும். அடிப்பலகையில் அடித்த தகட்டில் வருடமும் கழகமும் வரும். சிலவற்றில் கிண்ணத்தை அன்பளிப்புச் செய்தவர் பெயர் பெரிதாகவும் வென்றவர் பெயர் சின்னதாகவும் இருக்கும், சிலவற்றில் வென்றவர் பெயரே இராது. இல்லாத பெயரைத்தான் நீர் விசாரித்து எழுத வேண்டும்.

கதைக்கப் போகும்போது எத்தனை பரிசு எடுத்தீர்கள் என்று தொடங்காதேயும். அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சப்பாத்து ஆர் வாங்கித் தந்தது, இல்லாவிட்டால் காலில் என்ன கட்டினீர்கள், போட்டிக்குக் கொழும்புக்கு எந்த றெயினில் போனீர்கள், இரவு எங்கே படுத்தீர்கள், வீட்டில் ஆர் தடுத்தது, ஆர் ஒளித்து விட்டது, காயம் பட்டபோது ஆர் எண்ணெய் போட்டு உருவினது, எப்போது விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேளும். கடைசிக் கேள்விக்குச் சிலர் மௌனமாக இருப்பார்கள். அவசரப்படுத்தாதேயும். முடிந்தால் இரண்டு கிழவர்களை ஒன்றாக இருத்திக் கேளும். ஒருவர் மறந்ததை மற்றவர் பிடித்துத் தருவார், பிழையாகச் சொன்னால் அங்கேயே சண்டையும் பிடிப்பார். அந்தச் சண்டையையும் அப்படியே பதிவு செய்யும்.

எழுதும்போது முழுப் பெயரோடு தகப்பன் பெயரையும் கேட்டு எழுதும். எங்கள் ஊரில் ஒரு கழகத்திலேயே நான்கு செல்வராசா இருப்பார்கள். ஊர், கழகம், ஆடிய இடம், வருடம் இவற்றை விடாதேயும். வருடம் நினைவில்லாவிட்டால் புயலுக்கு முன்னா பின்னா, கலியாணத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டால் பிடித்துவிடலாம். கிண்ணத்தின் தகட்டையும் பழைய குழுப் படத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, படத்தில் நிற்கிறவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதி வையும். ஒரு பிரதியைச் சனசமூக நிலையத்திலும் ஒரு பிரதியைப் பொது நூலகத்திலும் கொடும். மூன்றாவதை எனக்கு அனுப்பும். வந்த ஒவ்வொரு பெயரையும் இந்தப் பக்கத்திலேயே போடுவேன்.

அன்புடன்,
உமது அண்ணன்